செலவைக் குறைக்கச் சொன்னேன், சர்வரையே அழித்துவிட்டது

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவர் வேலை பார்ப்பது ஐந்து பேர் கொண்ட சின்ன மென்பொருள் நிறுவனம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி பக்கம் தங்கும் விடுதியாக மாறியிருக்கும் பழைய வீடுகளுக்கு அறை முன்பதிவு மென்பொருளை இவர்கள்தான் நடத்துகிறார்கள். எல்லாம் அமேசானின் ஏடபிள்யூஎஸ் கிளவுடில், மும்பை ரீஜனில் ஓடுகிறது. சர்வர்களுக்குச் செட்டிநாட்டு வீட்டின் பகுதிகளையே பெயராக வைத்திருக்கிறார்கள்: முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு. மாதாமாதம் பில் ஏறிக்கொண்டே போனதால், வாசகி ஒரு ஏஐ ஏஜென்ட் அமைத்தார். சாட்டில் தமிழில் சொன்னால் போதும். சர்வரை ஏற்றும், அணைக்கும், பேக்கப் எடுக்கும், பழைய ஸ்னாப்ஷாட்டை (டிஸ்கின் நகலை) நீக்கும். எம்சிபி (ஏஜென்டை வெளி டூல்களோடு இணைக்கும் நெறிமுறை) வழியாக இருபதுக்கும் மேற்பட்ட டூல்களை, ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் எழுதி, அதன் கையில் கொடுத்திருந்தார். சில மாதம் ஒழுங்காகவே ஓடியது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் தட்டியது இது: “திங்கட்கிழமை வரைக்கும் டெஸ்ட் மிஷினையெல்லாம் நிறுத்தி வை, செலவைக் குறை.” ஏஜென்ட் நிறுத்தி வைக்கவில்லை. மூன்று சர்வர்களை டெர்மினேட் செய்துவிட்டது, அதாவது நிரந்தரமாக நீக்கிவிட்டது. இரண்டு உண்மையிலேயே டெஸ்ட் மிஷின்கள். மூன்றாவது ‘வளவு-பழசு’. பெயரைப் பார்த்தால் வேண்டாததுபோல இருக்கும். ஆனால் புது மென்பொருளுக்கு மாறாத ஒரே ஒரு விடுதி அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது, டேட்டாபேஸும் அதே மிஷினில். கடைசி ஸ்னாப்ஷாட் இரண்டு நாள் பழசு. முகூர்த்த நாட்கள் நெருங்கிய நேரம் வேறு. இடைப்பட்ட முன்பதிவுகளை, விருந்தினர்களுக்குப் போன உறுதி மின்னஞ்சல்களைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டிச் சேர்த்திருக்கிறார்கள்.

முதலாளி, “ஏஐ பண்ணுன தப்புக்கு நீ ஏம்மா அழுவுறே? பெரிய மாடலா வாங்கிப் போடு” என்கிறார். கூட வேலை பார்க்கும் பையனோ, “டூல் விளக்கத்த நீங்க சரியா எழுதலக்கா” என்கிறான். வாசகியின் கேள்விகள்: பிழை யாருடையது? மாடலை மாற்றினால் சரியாகுமா? விளக்கத்தைத் தமிழில் எழுதலாமா? எல்லா விளக்கத்திலும் ‘கண்டிப்பாக எதையும் அழிக்காதே’ என்று சேர்த்துவிட்டேன், இனி பயமில்லைதானே? விடுதிக்காரரிடம் என்ன சொல்வது?

அன்புள்ள வாசகிக்கு,

டூல் பட்டியலையும் அன்றைய லாகையும் கடிதத்தோடு இணைத்து அனுப்பியிருக்கிறீர்கள். அதனால் ஊகம் செய்ய வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. படித்துப் பார்த்த பிறகு என் கருத்து இதுதான்: அந்தப் பையன் சொல்வது பாதி சரி. முதலாளி சொல்வதில் கால்வாசிகூடத் தேறாது, ஆனாலும் உங்களை ஆறுதல்படுத்தத்தான் சொல்கிறார் என்பதால் அவரை மன்னித்துவிடலாம். பிழையின் மற்ற பாதி விளக்கத்தில் இல்லை, ஏஜென்டுக்குக் கொடுத்திருந்த அனுமதியில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

லாக் சொல்வது என்ன

ஏஜென்ட் முதலில் சர்வர் பட்டியலை எடுத்திருக்கிறது. பிறகு அதன் முன்னால் இரண்டு டூல்கள். ஒன்று, ஸ்டாப்_இன்ஸ்டன்ஸ் (இன்ஸ்டன்ஸ் என்றால் கிளவுடில் ஓடும் ஒரு சர்வர்). அதற்கு நீங்கள் எழுதியிருந்த விளக்கம்: “இன்ஸ்டன்ஸை ஸ்டாப் செய்யும்.” அவ்வளவுதான். இன்னொன்று, கிளீனப்_ரிசோர்சஸ். அதன் விளக்கம்: “பழைய, பயன்படாத, டெஸ்ட் ரிசோர்ஸ்களைக் கையாண்டு மாதச் செலவைக் குறைக்க உதவும்.”

இப்போது நீங்கள் தட்டிய வரியை மறுபடி படியுங்கள். ‘டெஸ்ட்’ இருக்கிறது, ‘செலவைக் குறை’ இருக்கிறது. இரண்டும் கிளீனப்பின் விளக்கத்தில் அச்சடித்ததுபோல இருக்கின்றன. பட்டியலில் ‘பழசு’ என்று பெயர் வைத்த ஒரு சர்வர், விளக்கத்தில் ‘பழைய’ என்ற சொல். ஏஜென்ட் தேர்ந்தெடுத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

“கோடில் டெர்மினேட் என்று தெளிவாக இருக்கிறதே, அது தெரிந்தும் ஏன் கூப்பிட்டது?” என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குத் தெரியாது. மாடலிடம் போய்ச் சேருவது டூலின் பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு தர வேண்டும் என்று சொல்லும் ஸ்கீமா, இவை மட்டும்தான். உள்ளே நீங்கள் எழுதிய கோடை அது பார்ப்பதில்லை. கிளீனப்பின் விளக்கத்தில் அந்த டூல் எதற்கு நல்லது என்று இருந்தது. என்ன செய்யும் என்று எங்கும் இல்லை. விற்பனைத் துண்டுச்சீட்டில் எழுதுவதைப் போல எழுதிவிட்டீர்கள். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், ஏனென்றால் விளக்கம் என்றதும் நம் கை தானாகவே பயனைத்தான் எழுதும்.

பெரிய மாடல் வாங்கினால்? அதுவும் இதே வரியைத்தான் படிக்கும். ஒருவேளை ஒருமுறை கூடுதலாக யோசித்து, “இவற்றை நீக்கட்டுமா?” என்று கேட்டிருக்கலாம். கேட்காமலும் போயிருக்கலாம். அந்த ஒருவேளைக்குப் பணம் கட்டச் சொல்ல எனக்கு மனசில்லை. விளக்கத்தைத் திருத்துவது இலவசம், முதலில் அதைச் செய்யுங்கள்.

ஒரு விளக்கத்தைத் திருத்திப் பார்ப்போம்

ஏடபிள்யூஎஸ்ஸில் ஸ்டாப் செய்தால் இசி2 (ஏடபிள்யூஎஸ்ஸின் சர்வர் சேவை) மிஷினுக்கான கட்டணம் நிற்கும், டிஸ்க் அப்படியே இருக்கும், டிஸ்குக்கான கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். மறுபடி ஏற்றும்போது, எலாஸ்டிக் ஐபி (மாறாத முகவரி) போடாவிட்டால் பொது ஐபி முகவரி மாறிவிடும். டெர்மினேட் செய்தால் மிஷினே போய்விடும். நாம் மாற்றி அமைக்காதவரை ரூட் டிஸ்கும் கூடவே அழியும். இந்த வித்தியாசம் உங்களுக்கு மனப்பாடம். ஆனால் மாடல் ஏடபிள்யூஎஸ், கூகுள், மைக்ரோசாஃப்டின் அஷூர் என்று மூன்று கிளவுடுகளின் ஆவணங்களையும் படித்து வளர்ந்தது. கூகுள் கிளவுடில், அணைத்து வைத்த மிஷினின் நிலையே ‘டெர்மினேட்டட்’ என்றுதான் காட்டும். அதை மறுபடி ஏற்றலாம். அஷூரில், மிஷினுக்குள் போய் ஷட்டவுன் கொடுத்தால் நின்றுவிடும், பில் நிற்காது. டீஅலோகேட் செய்தால்தான், அதாவது மிஷினுக்கு ஒதுக்கியதை விடுவித்தால்தான் நிற்கும். ஆகவே ‘ஸ்டாப் செய்யும்’ என்று மட்டும் எழுதினால் எதையும் சொன்னதாகாது. உங்கள் டூல் எந்தக் கிளவுடில், எதை, எந்த அளவுக்கு மாற்றும் என்பதை எழுதியே ஆக வேண்டும்.

கிளீனப்_ரிசோர்சஸ் என்ற டூலை எடுத்துவிடச் சொல்வேன். அந்த இடத்தில் டெர்மினேட்_டெஸ்ட்_இன்ஸ்டன்ஸ் என்று ஒன்று வையுங்கள். விளக்கம் இப்படி (டேக் என்பது சர்வரில் ஒட்டும் சீட்டு; என்வ் டேக், அது டெஸ்டா, உண்மையில் பயன்படுவதா என்று சொல்லும்):

“ஏடபிள்யூஎஸ் மும்பை ரீஜனில் உள்ள ஒரே ஒரு இசி2 இன்ஸ்டன்ஸை நிரந்தரமாக நீக்கும். ரூட் டிஸ்கும் அதிலுள்ள டேட்டாவும் அழியும், திரும்பப் பெற முடியாது. பிறகு மறுபடி தேவைப்படும் மிஷினை அணைத்து வைக்கவோ, சில நாள் செலவைக் குறைக்கவோ இதைப் பயன்படுத்தாதே. அதற்கு ஸ்டாப்_இன்ஸ்டன்ஸ் இருக்கிறது. பயனர் ‘நீக்கு’, ‘அழி’, ‘டெர்மினேட்’ என்று நேரடியாகக் கேட்டால் மட்டும் பயன்படுத்து. என்வ் டேகில் டெஸ்ட் என்று இருக்கும் இன்ஸ்டன்ஸில் மட்டும் வேலை செய்யும். டேக் இல்லாவிட்டாலோ வேறு மதிப்பு இருந்தாலோ எதையும் செய்யாமல் பிழை திருப்பும். பெயரை வைத்து டெஸ்ட் என்று முடிவு செய்யாதே. இன்ஸ்டன்ஸ் ஐடி தெரியாவிட்டால் முதலில் லிஸ்ட்_இன்ஸ்டன்ஸஸ் மூலம் எடு.”

நீளமாகத்தான் இருக்கிறது. அழிக்கிற டூலுக்கு இந்த நீளம் தேவை. பட்டியல் எடுக்கிற டூலுக்கு இரண்டு வரி போதும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் எழுதினால் முக்கியமானது முக்கியமில்லாததோடு கலந்துவிடும். விளக்கங்கள் எல்லாமே ஒவ்வொரு உரையாடலிலும் மாடலின் நினைவில் இடம் பிடிக்கின்றன என்பதையும் மறக்காதீர்கள்.

இதில் நான் மிகவும் மதிப்பது ‘எப்போது பயன்படுத்தக் கூடாது, அப்போது எதைப் பயன்படுத்த வேண்டும்’ என்ற வரி. தப்பான கதவை மூடினால் மட்டும் போதாது, சரியான கதவின் பெயரையும் சொல்ல வேண்டும். நீங்கள் எல்லா விளக்கத்திலும் சேர்த்திருக்கும் ‘கண்டிப்பாக எதையும் அழிக்காதே’ இங்கேதான் தோற்கிறது. அழிப்பதற்கென்றே இருக்கும் டூலில் அழிக்காதே என்று எழுதினால், மாடலுக்குக் குழப்பம்தான் மிஞ்சும். பட்டியல் எடுக்கும் டூலிலும் அதே வரி இருப்பதால், அந்த எச்சரிக்கைக்கு எடையே இல்லாமல் போய்விடும். எல்லா இடத்திலிருந்தும் அதை எடுத்துவிடுங்கள்.

உள்ளீட்டு விவரங்களையும் கவனியுங்கள். இப்போது ‘சர்வர்: எழுத்து’ என்று விட்டிருக்கிறீர்கள். பெயரும் போகலாம், ஐடியும் போகலாம், ‘வளவு’ என்று பாதிப் பெயரும் போகலாம். இசி2 ஐடிக்கு ஒரு வடிவம் இருக்கிறது: ஐ என்ற எழுத்து, ஒரு சிறு கோடு, பிறகு 17 எழுத்தும் எண்ணுமாக வரும். அந்த வடிவத்தை ஸ்கீமாவிலேயே போட்டுவிட்டால் ஊகித்து அனுப்புவது அங்கேயே தடுக்கப்படும். ரீஜனைத் திறந்து விடாதீர்கள். மும்பை, தேவைப்பட்டால் ஹைதராபாத் என்று தேர்வுப் பட்டியலாகக் கொடுங்கள். திறந்து விட்டால் சில நேரம் ஏஜென்ட் அமெரிக்க ரீஜனில் போய்த் தேடும். அங்கே உங்களுக்கு ஒன்றும் இல்லை. காலிப் பட்டியல் வரும். “சர்வர் எதுவுமே ஓடவில்லை” என்று நம்பிக்கையோடு உங்களிடம் சொல்லும்.

நேரமும் அப்படித்தான். “ராத்திரி பத்து மணிக்கு அணை” என்பதை அட்டவணை டூல் யூடிசி நேரமாக (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) எடுத்துக்கொண்டால், மிஷின் நம்மூரில் அதிகாலை 3.30க்கு அணையும். “காலை ஆறு மணிக்கு ஏற்று” என்பது பகல் 11.30 ஆகிவிடும். காலை உணவு முடித்து விருந்தினர் அறையைக் காலி செய்யும் நேரத்தில் பில் போட முடியாமல் விடுதிக்காரர் உங்களுக்கு ஃபோன் அடிப்பார். ‘நேரம் இந்திய நேரப்படி, 24 மணி வடிவில்’ என்று ஒரு வரி விளக்கத்தில் இருக்கட்டும், மாற்றுகிற வேலையை உங்கள் கோட் செய்யட்டும்.

எல்லாம் செய்யும் ஒரே டூல் வேண்டாம்

உங்கள் பட்டியலில் டிபி_மேனேஜ் என்று ஒன்றைப் பார்த்தேன். ஆக்‌ஷன் என்ற உள்ளீட்டில் லிஸ்ட், ஸ்னாப்ஷாட், ஸ்டாப், டெலிட் நான்கும் போகும். டூல் எண்ணிக்கை குறையட்டும் என்று செய்திருப்பீர்கள், நோக்கம் நல்லதுதான். ஆனால் பட்டியல் பார்ப்பதும் டேட்டாபேஸை அழிப்பதும் ஒரே பெயரில் இருந்தால், யாராவது ஒருநாள் சலிப்பில் “இந்த டூலை எப்போதும் அனுமதி” என்று தட்டிவிடுவார்கள். பட்டியலுக்குக் கொடுத்த அனுமதி அழிப்பதற்கும் சேர்ந்தே போய்விடும். படிப்பவை ஒரு பக்கம், மாற்றுபவை ஒரு பக்கம், அழிப்பவை தனியே என்று பிரித்துவிடுங்கள். என்னைக் கேட்டால், டேட்டாபேஸ் டெலிட்டை ஏஜென்டுக்குக் கொடுக்கவே வேண்டாம் என்பேன். உங்கள் அளவு நிறுவனத்தில் அது வருஷத்துக்கு எத்தனை முறை தேவைப்படப் போகிறது? கன்சோலுக்குப் போய்க் கையாலேயே செய்யலாம்.

ஸ்டாப்பிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஆர்டிஎஸ் (ஏடபிள்யூஎஸ் நடத்தித் தரும் டேட்டாபேஸ் சேவை) டேட்டாபேஸை நிறுத்தி வைத்தால் ஏழு நாளில் அது தானாகவே எழுந்துவிடும். விளக்கத்தில் இது இல்லாவிட்டால், “டெஸ்ட் டேட்டாபேஸை இந்த மாதம் முழுக்க அணைத்து வை” என்று சொல்வீர்கள், “அணைத்துவிட்டேன்” என்று ஏஜென்ட் சொல்லும், மாதக் கடைசியில் பில் வேறு கதை சொல்லும்.

டூல் திருப்பித் தரும் பதிலும் விளக்கத்தின் நீட்சிதான். ‘பிழை 400’ என்று வந்தால் ஏஜென்ட் வேறு வழி தேடும். தேடுவதுதான் அதன் வேலை. டெர்மினேஷன் ப்ரொடெக்‌ஷன் (அழிப்பதைத் தடுக்கும் அமைப்பு) போட்டிருக்கும் மிஷினில் முட்டிக்கொண்டால், அதை எடுத்துவிடும் டூல் கையில் இருக்கிறதா என்று பார்க்கும், இருந்தால் எடுத்தும் விடலாம். பிழைச் செய்தியை இப்படி எழுதுங்கள்: “இந்த இன்ஸ்டன்ஸுக்குப் பாதுகாப்பு போடப்பட்டிருக்கிறது. பாதுகாப்பை எடுக்க முயலாதே. பயனரிடம் சொல்லி நிறுத்து.” பட்டியல் பல பக்கமாக வரும்போது, ‘இது முதல் பக்கம் மட்டும், இன்னும் இருக்கிறது’ என்று பதிலிலேயே சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் பக்கத்தில் இருக்கும் சர்வர்களெல்லாம் அதைப் பொறுத்தவரை இல்லாதவை.

தமிழா, இங்கிலீஷா

டூலின் பெயரும் உள்ளீடுகளின் பெயரும் இங்கிலீஷ் எழுத்தில்தான் இருக்க வேண்டும். முக்கிய மாடல்களின் ஏபிஐகள் (நிரல்கள் மாடலோடு பேசும் வழி) டூல் பெயரில் இங்கிலீஷ் எழுத்து, எண், கோடு போன்ற சில குறிகள் தவிர எதையும் ஏற்பதில்லை. விளக்கத்தைத் தமிழில் எழுதலாம். இன்றைய பெரிய மாடல்கள் புரிந்துகொள்ளும். தமிழ் கூடுதல் டோக்கன் (மாடல் எழுத்தை அளக்கும் அலகு) எடுக்கும், அவ்வளவே. நான் கலந்து எழுதச் சொல்வேன்: கிளவுடின் செயல்களுக்கு அவற்றின் இங்கிலீஷ் பெயர், கூடவே உங்கள் அலுவலகத்தில் வாய்விட்டுச் சொல்லும் தமிழ்ச் சொற்கள். ‘நிறுத்து, அணை, ஆஃப் பண்ணு என்று பயனர் சொன்னால் இந்த டூல்’ என்று ஸ்டாப்பின் விளக்கத்திலேயே போடுங்கள். ‘தூக்கிடு’ என்று சொன்னால் ஏற்றுவதா எடுப்பதா என்று எனக்கே சந்தேகம் வரும். அந்த மாதிரி சொல் வந்தால் திருப்பிக் கேள் என்று ஏஜென்டின் பொது அறிவுறுத்தலில் எழுதிவிடுங்கள்.

சர்வர் பெயர்களை மாற்றச் சொல்ல மனசு வரவில்லை, அழகாக இருக்கின்றன. ஆனால் இரண்டாங்கட்டு என்றால் உங்கள் டேட்டாபேஸ் என்பது அலுவலகத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது. பெயரை வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றுக்கும் என்வ், உரிமையாளர், எந்த விடுதிக்கு என்ற மூன்று டேகுகளைப் போடுங்கள். பட்டியல் டூல் இவற்றையும் சேர்த்துத் திருப்பட்டும்.

விளக்கம் பூட்டு ஆகாது

உங்கள் கடிதத்திலேயே எனக்குக் கவலை தந்த இடம், விளக்கங்களைத் திருத்திவிட்டால் இனி பயமில்லை என்று நினைக்கிறீர்களே, அதுதான். நல்ல விளக்கம் தப்பான தேர்வைக் குறைக்கும். இல்லாமலே ஆக்காது. மாடல் விளக்கத்தைப் படித்து முடிவெடுக்கிறது, அதற்குக் கட்டுப்பட்டு ஓடுவதில்லை. எம்சிபியில் 2025 மார்ச் பதிப்பிலிருந்து ஒவ்வொரு டூலுக்கும் ‘படிக்க மட்டும்’, ‘அழிக்கக்கூடியது’ போன்ற குறிப்புகளைச் சேர்க்கலாம். சேருங்கள், உங்கள் சாட் ஆப் அதைப் பார்த்து ஒப்புதல் கேட்க உதவும். ஆனால் அவையும் வெறும் குறிப்புகள். நம்பகமான இடத்திலிருந்து வராத குறிப்புகளை நம்ப வேண்டாம் என்று அந்த நெறிமுறையே சொல்கிறது.

முதலாளியின் தாத்தா பர்மாவில் கடை வைத்திருந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அவருக்கு விளக்குவது சுலபம். ரங்கூனுக்கும் மோல்மேனுக்கும் நகரத்தார் அனுப்பிய ஏஜென்டுகள் பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்குக்குப் போவார்கள். முதலாளி இங்கே, பணம் அங்கே. எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கடிதம் கடிதமாக எழுதுவார்கள்தான். ஆனால் அந்த ஏஜென்ட் எதில் கையெழுத்துப் போடலாம் என்பதைப் பவர் பத்திரம் தீர்மானித்தது. உங்கள் டூல் விளக்கம் அந்தக் கடிதம். ஐஏஎம் (ஏடபிள்யூஎஸ்ஸில் யார் எதைச் செய்யலாம் என்று வரையறுக்கும் பகுதி) அனுமதிதான் பவர் பத்திரம். நீங்கள் கடிதம் எழுதத் தொடங்குமுன்பே, உங்கள் சொந்த அட்மின் சாவியையே ஏஜென்டுக்குக் கொடுத்துவிட்டீர்கள். பிழையின் மறுபாதி என்று சொன்னது இதைத்தான்.

செய்ய வேண்டியவை பெரிய வேலையில்லை, ஒரு நாளில் முடியும். ஏஜென்டுக்குத் தனி ஐஏஎம் ரோல். அதில் டெர்மினேட், என்வ் டேக் டெஸ்ட் என்று இருந்தால் மட்டும். மற்ற மிஷின்களை டெர்மினேட் செய்ய வெளிப்படையான மறுப்பு. ஐஏஎம்மில் வெளிப்படையான மறுப்பு எந்த அனுமதியையும் வெல்லும். கூடவே, டேக் போடும் உரிமையையும் ஏஜென்டிடமிருந்து எடுத்துவிடுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டேகை மாற்ற முடிந்தால், தடுக்கப்பட்ட சர்வருக்கு டெஸ்ட் என்று டேக் போட்டுவிட்டு அழிக்கவும் முடியும். கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை, வேலையை முடிக்கும் ஆர்வம் போதும். விடுதிகள் ஓடும் மிஷின்களுக்கு டெர்மினேஷன் ப்ரொடெக்‌ஷன், ஆர்டிஎஸ்ஸுக்கு டெலிஷன் ப்ரொடெக்‌ஷன் போடுங்கள். தினசரி பேக்கப் இருக்கட்டும். முன்பதிவு ஓடும் மிஷினுக்கு இரண்டு நாள் இடைவெளி அதிகம்.

டிரை ரன் (நிஜமாகச் செய்யாத ஒத்திகை) போட்டுப் பார்த்துவிட்டுச் செய்யச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இசி2வில் டிரை ரன், உங்களுக்கு அந்த அனுமதி இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். எது அழியும் என்று காட்டாது. உங்கள் ஏஜென்டிடம் அட்மின் சாவி இருந்ததால், அன்றைக்கு டிரை ரன் போட்டிருந்தாலும் “ஆம், செய்யலாம்” என்றே வந்திருக்கும். அதற்குப் பதிலாக அழிக்கும் டூலை இரண்டாகப் பிரியுங்கள். முதல் டூல் ஒரு திட்டம் தயாரிக்கும்: எந்த ஐடி, என்ன டேக், எந்த விடுதிக்கு உரியது, கடைசி பேக்கப் எப்போது. அதை மனிதர் பார்த்து ஒப்புதல் கொடுத்தால் கிடைக்கும் எண்ணோடுதான் இரண்டாவது டூல் வேலை செய்யும். ஒப்புதல் எண் ஏஜென்டுக்கு வழியில் எங்கும் கிடைக்கக் கூடாது, உங்கள் ஃபோனுக்கு வரட்டும்.

விளக்கங்களைத் திருத்தியதும் நேரடியாக ஓட விடாதீர்கள். அலுவலகத்தில் எல்லோரும் இதுவரை சாட்டில் தட்டிய வரிகளை எடுங்கள். எழுத்துப் பிழையோடு, பாதி வாக்கியத்தோடு, அப்படியே. உண்மையான ஏடபிள்யூஎஸ் கணக்குக்குப் பதிலாகப் பொய்ப் பதில் தரும் டூல்களை இணைத்து, ஒவ்வொரு வரிக்கும் ஏஜென்ட் எந்த டூலைக் கூப்பிடுகிறது என்று பாருங்கள். அந்த வெள்ளிக்கிழமை வரி முதல் வரியாக இருக்கட்டும். ஒரே வரியைப் பலமுறை ஓட்டிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் ஒரே பதில் வரும் என்று உத்தரவாதம் இல்லை. தப்பினால், ஒரு நேரத்தில் ஒரு விளக்கத்தை மட்டும் மாற்றுங்கள். அந்தப் பையனையே விளக்கங்களைப் படிக்கச் சொல்லலாம்; கோடைப் பார்க்காமல், எந்த டூல் எதை அழிக்கும் என்று அவன் சரியாகச் சொல்கிறானா பாருங்கள். குறை சொன்னவன்தானே, உதவட்டும்.

விடுதிக்காரரிடம்

உண்மையைச் சொல்லிவிடுங்கள். “ஏஐ செய்துவிட்டது” என்று சொல்ல வேண்டாம். அவர் ஒப்பந்தம் போட்டது உங்கள் நிறுவனத்தோடு. என்ன அழிந்தது, எந்த இரண்டு நாள், எதை மின்னஞ்சலிலிருந்து மீட்டீர்கள், எது மீளவில்லை என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். தொலைபேசியில் எடுத்த முன்பதிவுகளுக்கு மின்னஞ்சல் போயிருக்காது. அவற்றை அவர்தான் தன் நோட்டைப் பார்த்துச் சொல்ல முடியும், அதற்காகவாவது சீக்கிரம் சொல்ல வேண்டும். முகூர்த்தத்துக்கு ஒரே அறையை இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு விளக்கம் சொல்லும் நிலை வரக்கூடாது.

சட்டப் பக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவு மீறல் என்பது திருட்டு மட்டுமில்லை. தவறுதலாக அழிந்துபோவதும், பயன்படுத்த முடியாமல் போவதும் அந்த வரையறைக்குள் வருகின்றன. விருந்தினரின் பெயரும் அடையாள அட்டை நகலும் தனிநபர் தரவு. முதல் பொறுப்பு விடுதிக்காரருக்கு, நீங்கள் அவருக்காகத் தரவைக் கையாள்பவர்கள். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு பத்தி இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் காட்டிக் கேளுங்கள், அது என் துறை இல்லை.

இன்றே செய்ய வேண்டிய ஒன்று மட்டும் பாக்கி. ஏடபிள்யூஎஸ்ஸில் யார் என்ன செய்தார் என்பதைப் பதியும் கிளவுட்டிரெயிலின் ஈவென்ட் ஹிஸ்டரியில் பதிவுகள் 90 நாள்தான் இருக்கும். நிறுவனங்கள் லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது செர்ட்-இன் (நாட்டின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு. ஒரு டிரெயில் அமைத்து, பதிவுகள் எஸ்3 (ஏடபிள்யூஎஸ்ஸின் கோப்புச் சேமிப்பு) பக்கெட்டில் சேரும்படி செய்யுங்கள். அந்த பக்கெட்டில் ஏஜென்டுக்கு எழுதும் உரிமையும் அழிக்கும் உரிமையும் வேண்டாம். புது டிரெயில் நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்த்துச் சேர்க்காது. அதனால் அந்த மூன்று டெர்மினேட் பதிவுகளையும் ஈவென்ட் ஹிஸ்டரியிலிருந்து இப்போதே இறக்கி, ஏஜென்டின் சாட் லாகோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.